தாரில் கலக்கும் லிக்னின்: முற்றிய வெண்டைக்காய்க்கும் நெடுஞ்சாலைக்கும் என்ன சம்பந்தம்?

2024 டிசம்பரில் நாக்பூர் அருகே மான்சரில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் சிறு துண்டு ஒன்றை மத்திய அமைச்சர் நிதின் கட்கரி திறந்து வைத்தார். கன்னியாகுமரியில் வந்து முடிகிறதே, அதே சாலைதான். அந்தத் துண்டில் மட்டும் வழக்கமான தாரின் ஒரு பங்கை எடுத்துவிட்டு, தாவரங்களில் இருக்கும் லிக்னினைக் கலந்திருந்தார்கள். உடனே 'வைக்கோல் சாலை', 'பெட்ரோலியத்துக்கு மாற்று', 'கழிவிலிருந்து செல்வம்' என்று தலைப்புகள் வந்தன. லிக்னின் என்றால் என்ன, அது நிஜமாகவே கழிவுதானா, இத்தனை நாள் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அந்தச் செய்தியை எடைபோட முடியாது.

முற்றல் என்றால் என்ன

காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. நார்நாராக வளைந்துகொடுத்தால் முற்றல். முருங்கைக்காயை மென்றுவிட்டுச் சக்கையைத் துப்புகிறோம். இளநீரில் வழுக்கையாக இருக்கும்போது இளசாக இருக்கும் ஓடு, தேங்காயானதும் அரிவாளின் பின்புறத்தால் தட்டினால்தான் உடைகிறது. தாவரம் 'முற்றுகிறது' என்று நாம் சொல்லும்போது உள்ளே நடப்பதில் முக்கியமானது, செல்களின் சுவரில் லிக்னின் ஏறுவது. பிளஸ் டூ தாவரவியல் ஆய்வகத்தில் தண்டைச் சீவி சாஃப்ரனின் சாயம் போட்டால் சைலம் சிவப்பாகத் தெரியுமே, அந்தச் சிவப்பு லிக்னின் இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறது.

1813இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல் இந்தப் பெயரை வைத்தார். லத்தீனில் 'லிக்னம்' என்றால் மரக்கட்டை. நெய்வேலியில் வெட்டும் லிக்னைட்டுக்கும் இதே வேர்ச்சொல்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று இன்று வளரும் செடியில் இருப்பது, மற்றது கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்து கரியானது.

செடியின் உடம்பில் மூன்று பெரிய பொருள்கள் உண்டு: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். பஞ்சையும் தேங்காய்நாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லிக்னின் என்ன செய்கிறது என்பது கையிலேயே தெரியும். பஞ்சு கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ், லிக்னின் இல்லை என்றே சொல்லலாம். அதனால் மிருதுவாக மடியும், தண்ணீரை உறிஞ்சும். தேங்காய்நாரில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் லிக்னின். அதனால் விறைப்பாக நிற்கும், உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தாலும் எளிதில் மக்காது. மரங்களில் இந்த அளவு பொதுவாக நூற்றுக்கு 18 முதல் 35 வரை இருக்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் கூடுதல், இலையகன்ற மரங்களில் குறைவு.

ஆக, செடிக்கு லிக்னின் மூன்று வேலை செய்கிறது. அழுத்தத்தைத் தாங்கும் விறைப்பைக் கொடுக்கிறது. வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்களின் சுவர் ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் கடித்துத் தின்ன முடியாதபடி தடுக்கிறது. மூன்றாவது வேலைதான் தொழிற்சாலைக்காரர்களுக்குத் தலைவலி. உயிரினங்கள் உடைக்க முடியாமல் திணறும் பொருளை ரசாயனம் மட்டும் சுலபமாக உடைத்துவிடுமா?

பூச்சரமும் சிக்கலும்

செல்லுலோஸ், ஒரே பூவை ஒரே இடைவெளியில் கட்டிய சரம் மாதிரி. குளுக்கோஸ், குளுக்கோஸ், குளுக்கோஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். சரியான நொதியைக் கொடுத்தால் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து மறுபடி குளுக்கோஸ் ஆக்கிவிடலாம்.

லிக்னினைக் கதம்பம் என்றுகூடச் சொல்ல முடியாது, கதம்பத்திலும் ஒரு வரிசை இருக்கும். கூமரைல், கோனிஃபெரைல், சினாபைல் என்ற மூன்று வகை ஆல்கஹால்கள்தான் இதன் அடிப்படைத் துண்டுகள். மூன்றிலும் பென்சீன் வளையம் உண்டு. செல் சுவரில் நொதிகள் இவற்றை வினைக்குத் தூண்டிவிட, எது எதோடு ஒட்டுகிறதோ ஒட்டிக்கொள்ளட்டும் என்ற கதையாக அவை பின்னிக்கொள்கின்றன. ஒட்டும் விதமும் ஒன்றல்ல, பல. பைன் மரத்தின் லிக்னினும், சவுக்கின் லிக்னினும், வைக்கோலின் லிக்னினும் வெவ்வேறு. ஒரே மரத்தில்கூட எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஆனாலும் அந்த பென்சீன் வளையத்துக்காகத்தான் இத்தனை பேர் இதன் பின்னால் ஓடுகிறார்கள். பசை, பிளாஸ்டிக், சாயம், மருந்து என்று வளையக் கட்டமைப்பு தேவைப்படும் ரசாயனங்கள் இன்று பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருகின்றன. புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள்களில் இந்த வளையங்களை டன் கணக்கில் வைத்திருப்பது லிக்னின் ஒன்றுதான்.

இது கழிவுதானா?

செய்திகள் இங்கேதான் சறுக்குகின்றன.

காகிதம் செய்யச் செல்லுலோஸ் நார் வேண்டும், லிக்னின் வேண்டாம். லிக்னினை நீக்காமல் மரத்தை அரைத்துச் செய்த காகிதம் எப்படி இருக்கும் என்று பார்க்க, பரணில் கிடக்கும் பழைய செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட ஓரமெல்லாம் பழுப்பாகி, மடித்த இடத்தில் பொடிகிறது. அந்தப் பழுப்புக்குப் பெரும்பாலும் லிக்னின்தான் காரணம்.

இதைத் தவிர்க்க உலகின் பெரும்பாலான கூழ் ஆலைகள் கிராஃப்ட் முறையைப் பின்பற்றுகின்றன. 1879இல் கார்ல் டால் கண்டுபிடித்தது. மரச்சீவலைக் காஸ்டிக் சோடா, சோடியம் சல்ஃபைடு கலந்த கரைசலில் 170 டிகிரி வாக்கில் வேகவைப்பார்கள். லிக்னின் துண்டு துண்டாகிக் கரைந்துவிடும், நார் தனியே நிற்கும். வடித்த நீர் கறுப்பாக இருக்கும். ஆலைகளில் இதை 'பிளாக் லிக்கர்' என்பார்கள்.

அந்தக் கறுப்புச் சாற்றை ஆற்றில் விட்ட காலமும் உண்டு. 1930களில் டாம்லின்சன் கொதிகலன் வந்ததும் நிலைமை மாறியது. சாற்றை ஆவியாக்கிக் கெட்டியாக்கி, அந்தக் கொதிகலனில் எரிப்பார்கள். லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் தரும். அடியில் உருகி வடிவதிலிருந்து சோடாவும் சல்ஃபைடும் திரும்பக் கிடைக்கும், அடுத்த வேக்காட்டுக்கு அதுவே. உலகக் கூழ் ஆலைகளில் இப்படி ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேல் லிக்னின் எரிகிறது. தனியே பிரித்து விற்கப்படுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்.

ஆகவே அது கழிவல்ல, ஆலையின் விறகு. அதைப் பிடுங்கினால் அடுப்புக்கு வேறு எதையாவது கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களின் நடுவிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. அந்தச் சக்கையும் 'கழிவு' அல்ல. சர்க்கரை ஆலைகள் அதைத்தான் எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. அதனால் சக்கையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு நீராவியைக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கழிவு என்று பேப்பரில் படிக்கும் எதையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது: நேற்றுவரை இது எந்த அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது?

உலர்ந்த லிக்னின் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 6,000 கிலோகலோரி வெப்பம். நம் நாட்டு நிலக்கரி பெரும்பாலும் 4,000 பக்கம். ஒரு கிலோ லிக்னினை வெளியே எடுத்து விற்றுவிட்டு அந்த இடத்தை நிலக்கரியால் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ நிலக்கரி எரிக்க வேண்டும். அப்படிச் செய்த 'பசுமைப் பொருள்' எந்த வகையில் பசுமை?

பிறகு ஏன் பிரிக்கிறார்கள்?

பிரிப்பதற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பல ஆலைகளில் கூழ் உற்பத்தியைக் கூட்ட முடியாமல் தடுப்பது அந்தக் கொதிகலன்தான். இதற்கு மேல் சாற்றை எரிக்க முடியாது என்ற நிலை. புதுக் கொதிகலனுக்குப் பல நூறு கோடி ஆகும். சாற்றிலிருந்து கொஞ்சம் லிக்னினை எடுத்துவிட்டால் சுமை குறையும், கூடுதல் கூழ் கிடைக்கும்.

2. நவீன ஆலைகள் ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் தேவைக்கு மேல் லிக்னின் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை எடுத்தால் நிலக்கரி தேவைப்படாது.

3. எடுக்கும் முறையும் ஓரளவு எளிது. சுவீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறையில், கடுங்காரமாக இருக்கும் கறுப்புச் சாற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். காரம் குறைந்து பிஹெச் 10 வாக்கில் வந்ததும், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி லிக்னின் திரிந்து படியும். வடிகட்டி, அமிலம் கலந்த நீரில் மறுபடி கலக்கிக் கழுவிப் பிழிந்தால் பழுப்புப் பொடி, பார்க்கக் காப்பித்தூள் போல.

அமெரிக்காவில் வட கரோலினாவின் பிளிமத் ஆலையில் 2013இலும், ஃபின்லாந்தின் சுனிலா ஆலையில் 2015இலும் இந்த முறை வணிக அளவில் தொடங்கியது. சுனிலாவின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. ஆண்டுக்கு 50,000 டன் திறன். அந்த லிக்னினிலிருந்து பேட்டரிக்கான கார்பன் செய்யலாம் என்று உரிமையாளரான ஸ்டோரா என்ஸோ, சுவீடனின் பேட்டரி நிறுவனம் நார்த்வோல்ட்டோடு 2022இல் கைகோத்தது. 2023இல் சுனிலாவின் கூழ் உற்பத்தி மூடப்பட்டது. ரஷ்ய மரம் நின்றுபோய் மரத்தின் விலை ஏறியதுதான் காரணம், லிக்னின் மேல் தப்பில்லை. 2025இல் நார்த்வோல்ட்டும் திவாலானது. லிக்னின் எப்போதும் இன்னொரு தொழிலின் வாலாகத்தான் வருகிறது. மாடு படுத்துவிட்டால் வாலும் படுத்துவிடும்.

ஏற்கெனவே நம் வீட்டில் இருப்பது

'எதிர்காலப் பொருள்' என்று பேசுகிறோம், ஆனால் லிக்னின் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உண்டு. கிராஃப்டுக்குப் போட்டியாக இருந்த சல்ஃபைட் முறையில், தண்ணீரில் கரையும் லிக்னோசல்ஃபோனேட் கிடைக்கும். உலகச் சந்தையில் இன்றும் பெரும்பங்கு அதுதான், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன்.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். ஈய–அமில பேட்டரியின் எதிர்மின் தகட்டில் சிட்டிகை அளவு லிக்னோசல்ஃபோனேட் சேர்ப்பார்கள். இதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கை. அந்தக் காலத்தில் தகடுகளுக்கு நடுவே மரத்தகடு வைப்பது வழக்கம். அதைத் தூக்கிவிட்டு ரப்பர் போன்ற 'நல்ல' பொருளுக்கு மாறினார்கள், பேட்டரியின் திறன் குறைந்துபோனது. தேடிப் பார்த்தால், மரத்திலிருந்து அமிலத்தில் கசிந்த லிக்னின்தான் தகட்டின் மேல் ஈயசல்பேட் கெட்டியாகப் படியாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எடுத்த பிறகுதான் அருமை தெரிந்தது. இப்போது வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

கான்கிரீட்டில், சிமென்ட் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமல் இது விலக்கிவிடும். நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு தண்ணீரைக் குறைத்தாலும் கலவை அதே இளக்கத்தோடு இருக்கும். தண்ணீர் குறைந்தால் வலு கூடும். இதிலேயே கொஞ்சம் மரச்சர்க்கரை மிஞ்சியிருந்தால் சிமென்ட் இறுகத் தாமதமாகும், அதையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம் வெனிலா வாசனை. முன்பு கனடாவின் தோரோல்ட் நகரில், காகித ஆலைச் சாற்றிலிருந்து அந்த வாசனையைத் தரும் வானிலினை எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் உலகின் செயற்கை வானிலினில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஊரிலிருந்து போனது. கிலோ வானிலினுக்குப் பல மடங்கு காரக் கழிவு வெளியேற, 1980களில் அது மூடப்பட்டது. இன்று பெரும்பகுதி வானிலின் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. நார்வேயின் போரெகார்ட் மட்டும் மரத்திலிருந்து எடுப்பதை விடாமல் செய்கிறது. தாவரத்திலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒரு பொருள் சுத்தமாகிவிடாது என்பதற்குத் தோரோல்டே சாட்சி.

பிளைவுட் பசையில் பெட்ரோலிய ஃபீனாலின் ஒரு பங்குக்குப் பதில் லிக்னின் சேர்ப்பது ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கார்பன் இழை செய்வது இன்னும் எட்டவில்லை. ஆய்வகத்தில் இழை வருகிறது, வலுதான் சந்தையில் இருப்பதை எட்டவில்லை. கயிறு முறுக்குகிறவர்களுக்குப் புரியும், திரிகளெல்லாம் ஒரே நேராக ஓடினால்தான் இழுவை தாங்கும். லிக்னினின் மூலக்கூறு நேராக ஓடாது.

சாலைக் கணக்கு

சரி, மான்சருக்கு வருவோம். நாம் 'தார்' என்றாலும் சாலையில் ஊற்றுவது பிட்டுமன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் மிஞ்சும் கசடு. அதிலும் வளையக் கட்டமைப்புள்ள மூலக்கூறுகள் நிறைய, அதனால் லிக்னின் அதோடு ஓரளவு ஒத்துப்போகிறது. நெதர்லாந்தில் 2015 முதலே சோதனைச் சாலைகள் போடுகிறார்கள். லிக்னின் சேர்த்தால் கலவை விறைப்பாகும். நம் வெயிலில் லாரிச் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிவது குறையும், அது நல்லது. அளவு மீறினால் விரிசல் விடும் அபாயமும் கூடும்.

மான்சரில் பயன்பட்ட தொழில்நுட்பம் பிராஜ் நிறுவனத்துடையது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்குகொண்டது. பிட்டுமனில் 15 சதவீதம்வரை லிக்னின் கலக்கலாம் என்றும், பிட்டுமனில் பாதியை இறக்குமதி செய்யும் நிலை இதனால் மாறும் என்றும் சொல்லப்பட்டது. (வைக்கோலைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுத்துக் கலக்கும் வேறொரு முறையும் 'பயோ பிட்டுமன்' என்ற பெயரிலேயே செய்திகளில் வருகிறது. அது வேறு, இது வேறு.)

இந்த லிக்னின் எங்கிருந்து வரும்? பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் இரண்டாம் தலைமுறை ஆலைகளில், சர்க்கரையாக மாறக்கூடியதெல்லாம் மாறிய பிறகு லிக்னின் மிகுந்த சக்கை மிஞ்சும். ஹரியாணாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல்வைக்கோல் என்ற கணக்கில். ஒரு தோராயக் கணக்குப் போடுவோம்.

1. நாட்டின் பிட்டுமன் தேவை ஆண்டுக்குச் சுமார் 88 லட்சம் டன். அதில் 15 சதவீதம் என்றால் 13 லட்சம் டன் லிக்னின்.

2. நெல்வைக்கோலில் லிக்னின் நூற்றுக்கு 13 பங்கு என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் டன்னில் 26,000 டன்.

3. அப்படியானால் முழுத் திறனில் ஓடும் பானிபட் மாதிரி 50 ஆலைகள் வேண்டும், கிடைக்கும் லிக்னின் அத்தனையையும் சாலைக்கே கொடுத்தால்.

நடைமுறையில் அத்தனையையும் கொடுக்க முடியாது, எத்தனால் ஆலைக்கும் நீராவி வேண்டும். போதாக்குறைக்கு நெல்வைக்கோலில் சிலிக்கா ஏராளம், சக்கையோடு அதுவும் சேர்ந்து வரும். இதனால் திட்டம் வீண் என்று ஆகிவிடாது. பிட்டுமன் இறக்குமதியைக் கொஞ்சம் குறைக்கும், எத்தனால் ஆலைக்கு இன்னொரு வருமானம் தரும், அவ்வளவுதான். பெட்ரோலியத்தை விரட்டிவிடும் என்ற பேச்சுக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

ஆய்வகம் எங்கே போகிறது

லிக்னினை வைத்துப் பணம் தவிர எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அந்தத் தொழிலில் ஒரு பழைய நையாண்டி உண்டு. காரணம், கிராஃப்ட் வேக்காட்டில் லிக்னின் உடைவதோடு நிற்பதில்லை. உடைந்த துண்டுகள் மறுபடி இன்னும் முரட்டுத்தனமாக ஒட்டிக்கொள்கின்றன, கந்தகமும் ஏறி நாற்றமடிக்கிறது. கெட்டுப்போனதைச் சரிசெய்வதைவிடக் கெடாமல் எடுக்கலாமே என்று 'லிக்னின் முதலில்' என்ற அணுகுமுறை வந்தது. மரம் வேகும்போதே ஹைட்ரஜனும் வினையூக்கியும் சேர்த்து, உடையும் துண்டுகளை உடனுக்குடன் நிலைப்படுத்திவிடுவார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு இந்த வழியில், பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருளான ஃபீனாலையும் புரொப்பிலீனையும் மரத்திலிருந்து எடுத்துக் காட்டி 2020இல் ஆய்வு வெளியிட்டது. மரத்தையே மாற்றும் முயற்சியும் உண்டு: சுலபமாக அவிழும் முடிச்சுகளை லிக்னினுக்குள் வைக்கும் பாப்லர் மரத்தை 2014இல் அமெரிக்க, கனடிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

இவை நல்ல அறிவியல். ஆனால் என் கணிப்பில், வருகிற பத்தாண்டுகளில் காசு பார்க்கப்போவது லிக்னினைத் தூய ரசாயனமாக உடைப்பவர்கள் அல்ல, அதன் ஒழுங்கின்மையைப் பொருட்படுத்தாத இடங்களில் அப்படியே போடுபவர்கள். பசை, கான்கிரீட், சாலை, பலகை. தேங்காய் மட்டையை முழுசாக அரைத்து, பசை எதுவும் சேர்க்காமல் சூட்டில் அழுத்தினாலே கெட்டிப் பலகை வரும் என்று நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சூட்டில் இளகிய லிக்னினே பசையாகிவிடுகிறது.

பொள்ளாச்சியின் தூள்

நார் உரித்தபின் மிஞ்சும் தேங்காய் நார்க்கழிவிலும் லிக்னின் அதிகம். அதனால்தான் கயிறு ஆலைகளின் ஓரத்தில் மலையாகக் கொட்டிவைத்தது ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்தும் மக்காமல் கிடந்தது. இயற்கையில் லிக்னினை முழுசாக அழிக்கத் தெரிந்தவை, மரத்தை வெளுக்கச் செய்யும் ஒரு வகைப் பூஞ்சைகள். நாம் குழம்பு வைக்கும் சிப்பிக்காளானும் அந்தக் கூட்டம்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து பாட்டில் சிப்பிக்காளான் வித்து, ஐந்து கிலோ யூரியா. அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் கறுத்து உரமாகிவிடும்.

ஆனால் பணம் வந்தது வேறு வழியில். மக்காது என்பதையே விற்க முடியும் என்று தெரிந்தது. உப்பைக் கழுவி, காயவைத்து, செங்கல்லாக அழுத்திய அந்தத் தூள் இன்று தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதிலாகத் தக்காளியையும் வெள்ளரியையும் தாங்கி நிற்கிறது. நாளை யாராவது நார்க்கழிவிலிருந்து லிக்னின் எடுக்கிறேன் என்று பொள்ளாச்சிக்கு வந்தால், களத்துக்காரர் முதலில் கேட்கப்போவது கிலோவுக்கு ஏற்றுமதிக்காரரைவிட எவ்வளவு கூடத் தருவாய் என்பதுதான்.